கொச்சி யூதர் தடம்: மட்டாஞ்சேரியில் தொடங்காதீர்கள்

கேள்வி கோவை வாசகர் ஒருவரிடமிருந்து வந்தது. எழுபது வயது அம்மாவையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு கொச்சிக்கு வருகிறார்கள். கையில் ஒரே ஒரு நாள். யூதர்கள் வாழ்ந்த இடங்களை ஒரு வழிகாட்டியோடு பார்க்க ஆசை. ஒரு நாள் போதுமா, வழிகாட்டி தேவையா, மட்டாஞ்சேரியில் உள்ள அந்தப் புகழ்பெற்ற யூத ஜெபாலயத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

போதும். ஆனால் வரிசையை மாற்ற வேண்டும். இங்கே பெரும்பாலான சுற்றுலா ஏற்பாடுகள் காலையில் ஃபோர்ட் கொச்சியில் சீன வலையைக் காட்டி, பதினோரு மணிக்கு மட்டாஞ்சேரியில் இறக்கிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக இருபது நிமிடம் உள்ளே நிற்கவைத்து, ‘இதுதான் கொச்சி யூதர்களின் கதை’ என்று முடித்துவிடுகின்றன. அது கதையின் கடைசி அத்தியாயம். அதுவும் ஒரு சிறு பிரிவின் அத்தியாயம். எர்ணாகுளத்தில் குடியேறிய பிறகு நான் உறவினர், நண்பர் என்று பலரை அழைத்துப்போயிருக்கிறேன். முதல் சில தடவை நானும் மட்டாஞ்சேரியில்தான் தொடங்கினேன். பிறகு ஞானம் வந்தது.

அந்த ஜெபாலயத்தின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். பரதேசி ஜெபாலயம். தமிழில் பரதேசி என்றால் இன்று திட்டு. ஆனால் சொல்லின் பொருள் வேற்று நாட்டவர் என்பதுதான். 1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. அங்கிருந்தும், பின்னர் அலெப்போ போன்ற ஊர்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் 1568-இல் கட்டிக்கொண்டது அது. உள்ளூர் யூதர்களின் கண்ணில் அவர்கள் பரதேசிகள், பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படியானால் உள்ளூர் யூதர்கள் யார், அவர்களுடைய ஜெபாலயங்கள் எங்கே? இந்தக் கேள்வியை எழுப்பாத வழிகாட்டிக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது வீண். விடை காயலுக்கு இந்தப் பக்கம் எர்ணாகுளத்திலும், வடக்கே பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் மாளாவிலும் இருக்கிறது. மலபார் யூதர் என்று சொல்லப்படும் இந்த மூத்த குடியினர்தான் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை. 1948 வாக்கில் கேரளத்தில் யூதர்கள் சுமார் 2,500 பேர்; அதில் பரதேசிகள் நூறு சொச்சம்தான்.

முதலில் கிழமை. சனிக்கிழமை ஓய்வுநாள், பரதேசி ஜெபாலயம் திறக்காது. வெள்ளிக்கிழமை அரை நாளோடு மூடிவிடுவார்கள். பறவூர், சேந்தமங்கலம் இரண்டும் இப்போது அரசு அருங்காட்சியகங்கள். அவற்றுக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிறு எர்ணாகுளம் மார்க்கெட் பாதிக்கு மேல் அடைத்திருக்கும். ஆகவே செவ்வாய், புதன், வியாழன். யூதப் பண்டிகை நாள்களிலும் மட்டாஞ்சேரியில் கதவு மூடியிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

காலை ஒன்பது மணிக்கு எர்ணாகுளம் மார்க்கெட். ஜூ ஸ்ட்ரீட் என்ற பெயரில் ஒரு தெரு இங்கேயும் உண்டு என்பது கொச்சிக்குப் பலமுறை வந்தவர்களுக்கே தெரியாது. பாத்திரக் கடை, கயிற்றுக் கடை நெரிசலுக்கு நடுவே அலங்கார மீனும் பூச்செடியும் விற்கும் ஒரு கடை. கண்ணாடித் தொட்டிகளில் மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொட்டிகளைத் தாண்டி, செடிச் சட்டிகளைத் தாண்டி உள்ளே போனால் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் உயர்ந்த கூரையோடு ஒரு வழிபாட்டுக் கூடம். இதுதான் கடவும்பாகம் பள்ளி. இங்கே யூதர்களும் தங்கள் ஜெபாலயத்தைப் பள்ளி என்றே சொன்னார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சொல்வதைப் போலவே. கடவு என்றால் படகுத்துறை, துறைப்பக்கத்துப் பள்ளி. கொஞ்ச தூரத்திலேயே தெக்கும்பாகம் பள்ளி, தெற்குப் பக்கத்தது. அது பெரும்பாலும் பூட்டியிருக்கும். கடவும்பாகத்தில் 1970-களில் வழிபாடு நின்றுபோனது. இந்தக் கட்டடம் கிட்டங்கியாக மாறாமல் தப்பியதற்குக் காரணம், இதே சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் முன்பகுதியில் கடை வைத்துக்கொண்டு பின்பகுதியைக் காத்துவந்ததுதான். அண்மை ஆண்டுகளில் புதுப்பித்து, யூதர்களின் மறைநூலான தோராவின் சுருளும் கொண்டுவந்துவிட்டார்கள். கடைக்காரருக்கு வியாபார நேரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே போகலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். திரும்பும்போது ஒரு செடி வாங்கினால் அழகு.

அங்கிருந்து வட பறவூர், ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். கார் ஓடும் நேரத்தில் செப்பேட்டுக் கதையைச் சொல்லிவிடலாம். தமிழர்களுக்கு இந்தப் பயணத்தில் வேறு எவருக்கும் கிடைக்காத சுவை ஒன்று இங்கேதான் இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதியான முயிரிக்கோட்டில் இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்கு உரிமைகள் வழங்கிச் செப்பேடு வெட்டிக்கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. மொழி, மலையாளம் தனியே பிரிந்துகொண்டிருந்த காலத்துச் சேரநாட்டு மொழி. ஜோசப் ரப்பானின் பெயர் அதில் ‘இசுப்பு இரப்பான்’ என்று வருகிறது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையோடு எழுபத்திரண்டு வீட்டுப்பேறும், அதாவது சிறப்புரிமைகளும், அவனுக்கு. அவற்றில் சில: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம் (பல்லக்கு), குடை, வடுகப்பறை, காகளம் (எக்காளம்), தோரணம்.

உங்கள் மகளிடம் இந்தப் பட்டியலை அப்படியே படித்துக்காட்டுங்கள், அகராதி அதிகம் தேவைப்படாது. பாவாடை என்பது மட்டும் இன்றைய பாவாடை அல்ல, நடந்துவரும் வழியில் விரிக்கும் நடைபாவாடை. பட்டப்பகலில் விளக்கு முன்னே போக, பல்லக்கில் குடை நிழலில் பறை முழங்கப் போகும் உரிமை. ஓர் அரசன் பெரும் குடித் தலைவர்களுக்குத் தரும் மரியாதையைக் கடல் கடந்து வந்த வணிகனுக்குத் தருகிறான் என்றால், மிளகு வியாபாரத்தின் கனம் அப்படி. 2017-இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது பரிசாகக் கொடுத்தவற்றில் இந்தச் செப்பேட்டின் நகலும் ஒன்று. பிற்காலத்தில் கொச்சி அரசர் யூத சமூகத்தின் தலைவருக்கு அளித்த பட்டம் என்ன தெரியுமா? முதலியார். காஸ்டியல் என்ற ஸ்பானியக் குடும்பப் பெயருக்குப் பின்னால் முதலியார் என்று முதன்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பறவூர்ப் பள்ளியின் இன்றைய கட்டடம் 1616-ஐச் சேர்ந்தது. தெருவிலிருந்து பார்த்தால் கேரளத்துப் பழைய வீட்டின் வாசல் கட்டடமான படிப்புரை போலத்தான் தெரியும். ஓட்டுக்கூரை, மாடி அறை. உள்ளே நுழைந்தால் இருபுறமும் தூண் வைத்த நீண்ட நடை, அதன் முடிவில் வழிபாட்டுக் கூடம். வாசலில் தொடங்கி ஒவ்வொரு கட்டாக உள்ளே இழுத்துச் செல்லும் இந்த அமைப்பு கோவிலுக்குப் போய்ப் பழகிய கால்களுக்கு உடனே புரியும். கட்டியது உள்ளூர் ஆசாரிகள்; அவர்கள் கைக்கு எது தெரியுமோ அதுதான் வந்திருக்கிறது. பெண்களுக்குத் தனிப் படிக்கட்டு, தனி மாடி. அந்த மாடியின் விளிம்பில், ஆண்கள் பக்கமாக, தோரா வாசிக்க இன்னொரு மேடை. தரையில் நடுவே ஒரு மேடை, மாடியில் ஒரு மேடை என்று இரண்டு வைப்பது கேரளப் பள்ளிகளின் தனித்தன்மை. திருநாள்களில் மாடி மேடையில் நின்று வாசிப்பார்கள். பின்வரிசையில் இருந்தாலும் பெண்களுக்கு அருகிலிருந்து கேட்கும். இங்கே இருக்கும் தோரா பெட்டகம் நகல். மூலம் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. வழிகாட்டிப் பலகையில் இருப்பதைவிட இந்தப் போக்குவரத்தை யோசித்துப் பார்ப்பது சுவாரசியம்: மக்கள் 1950-களில் போனார்கள், அவர்கள் பின்னாலேயே மரமும் போனது.

அடுத்து சேந்தமங்கலம், சில கிலோமீட்டர் தூரம்தான். கைபேசி வரைபடத்தில் தேடும்போது நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். என் மைத்துனர் அதைச் செய்தார். இந்த ஊரில் கொச்சி அரசின் பரம்பரை அமைச்சர்களான பாலியத்து அச்சன்மாரின் மாளிகை இருக்கிறது. கோட்டையில் கோவிலகம் என்ற குன்றைச் சுற்றிக் கோவில், மசூதி, தேவாலயம், யூதப்பள்ளி நான்கும் கூப்பிடு தூரத்தில். சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்கள் இதை ‘நல்லிணக்கம்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடும். எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு நம்பிக்கை இல்லை; மட்டாஞ்சேரிக்கு வரும்போது ஏன் என்று சொல்கிறேன்.

சேந்தமங்கலத்தில் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது பள்ளியின் முன்புறம் நிற்கும் ஒரு கல்லறைக் கல்லுக்காக. இடுப்பளவுகூட இராது. கொடுங்கல்லூரிலிருந்து கொண்டுவந்து வைத்தது. அதில் எபிரெய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர்: சாரா, இஸ்ராயேலின் மகள். ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரெய எழுத்துகளில் பழையது இதுதான் என்கிறார்கள். அவள் யார், எத்தனை வயதில் இறந்தாள், வணிகன் மகளா, மனைவியா, ஒன்றும் தெரியாது. மதுரையில் பாண்டியர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. மதிய வெயிலில் எழுத்துகள் மறைந்துவிடும்; சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் செதுக்கி வண்ணம் தீட்டிய தாமரைகள். மறுபடியும் அதே ஆசாரிகள்.

இங்கே ஒரு கைத்தறிக் கூட்டுறவுக் கடையில் அம்மாவுக்குச் சேந்தமங்கலம் வேட்டித் துணியோ முண்டோ வாங்கலாம். 2018 வெள்ளத்தில் இந்த ஊர்த் தறிகள் முழுவதுமாக மூழ்கின. சேறு படிந்த துணியை வெட்டிச் செய்த ‘சேக்குட்டி’ பொம்மைகள் அப்போது உலகம் சுற்றின. பறவூர் பக்கத்தில் பட்டணம் என்ற அகழாய்வு இடமும் இருக்கிறது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களைச் சங்கப் பாடல் சொல்லும் முசிறி இதுதானா என்ற விவாதம் அங்கே நடக்கிறது. ஆனால் கண்ணால் பார்க்க அதிகம் இல்லை, விட்டுவிடுங்கள். மாளாவும் அப்படித்தான்: பள்ளிக் கட்டடமும் பரந்த கல்லறைத் தோட்டமும் உண்டு, 1955-இல் இஸ்ரேலுக்குப் புறப்படும்போது ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், அதற்குத் தனி நாள் வேண்டும்.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பும்போது ஓட்டுநர் தேசிய நெடுஞ்சாலைக்குத் திருப்புவார். வேண்டாம். செறாய் வழியாக வைப்பின் தீவின் நீளம் முழுக்க ஓட்டி, தெற்கு முனையில் காரோடு ஏறும் ரோ-ரோ படகில் ஃபோர்ட் கொச்சிக்குக் கடக்கச் சொல்லுங்கள். நேரம் பெரிதாக மிச்சமாகாது. ஆனால் வரலாறு நகர்ந்த திசையிலேயே நீங்களும் நகர்வீர்கள். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மண்மூடச் செய்து, தெற்கே கொச்சி கழிமுகத்தைத் திறந்துவிட்டது. வணிகம் தெற்கே போனது, யூதர்களும் பின்தொடர்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே, 1344 வாக்கில், மட்டாஞ்சேரி பக்கத்துக் கொச்சங்காடியில் ஒரு பள்ளி கட்டினார்கள். அந்தப் பள்ளி இன்று இல்லை. அதன் கல்வெட்டுப் பலகை மட்டும் பரதேசி ஜெபாலயத்தின் முற்றத்துச் சுவரில் பதிந்திருக்கிறது. தேடிப் பாருங்கள், கூட்டம் அதைக் கவனிக்காமல் கடந்துபோகும்.

மூன்று மணிக்கு மேல் மட்டாஞ்சேரி. கொடுங்கல்லூரில் நடந்த சண்டைகளும் போர்த்துகீசியரின் கெடுபிடியும் மிச்சமிருந்தவர்களையும் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே தள்ளின. கொச்சி அரசர் தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். அரண்மனைக் கோவிலும் ஜெபாலயமும் இன்றும் அக்கம்பக்கம். 1662-இல் போர்த்துகீசியர் ஜெபாலயத்தைச் சிதைத்தார்கள். டச்சுக்காரர் வந்த பிறகு 1664-இல் மீண்டது. மணிக்கூண்டு 1760-இல் எழுந்தது; கட்டியவர் டச்சுக் கம்பெனியின் பெரு வணிகரான எசக்கியேல் ரஹாபி. ஒரு முகத்தில் ரோமன் எண், ஒன்றில் எபிரெயம், ஒன்றில் மலையாளம். உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். வேறு நாட்டு யூதர் இதைக் கண்டு வியப்பார்கள்; நமக்கு வியப்பில்லை.

தரை ஓடுகள் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் வந்தவை, வெள்ளையில் நீலம். ‘ஒன்றைப் போல் ஒன்று இராது’ என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார். நான் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சில சித்திரங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கையால் வரைந்ததால் வில்லோ மரக் கிளையின் வளைவு, மேகத்தின் ஓரம் மாறும், அவ்வளவுதான். இன்னொரு கதையும் சொல்வார்கள்: ஓடுகள் உண்மையில் அரசருக்காக வந்தன, அவற்றில் பசுவின் ரத்தம் கலந்திருக்கிறது என்று யூத வணிகர் சொல்ல, அரசர் கையை உதறிவிட்டார், வணிகர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார் என்று. கட்டுக்கதைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் ஆசாரம் எங்கே தொட்டால் சுருங்கும் என்று அறிந்தவர்கள் கட்டிய கதை.

இனி, நல்லிணக்கத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இந்தக் கூடத்தில் எல்லா யூதரும் உட்கார முடியாது. பரதேசிகள் மலபார் யூதரோடு மணவுறவு வைத்துக்கொள்ளவில்லை. நிறத்தின் பெயரால் தங்களை வெள்ளை என்றும் அவர்களைக் கறுப்பு என்றும் பிரித்தார்கள். தங்கள் வீட்டு அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோரை உள்ளே சமமாக அமரவிடவில்லை. முன்னறையில் இருக்க வேண்டும், தோரா வாசிக்க அழைப்பில்லை, கல்லறைத் தோட்டத்திலும் தனி இடம். ஊரில் இருந்த சாதி, கடல் கடந்து வந்தவர்களிடமும் தன் வேலையைக் காட்டிவிட்டது. இதை எதிர்த்தவர் ஏ. பி. சாலெம் (1882–1967). சென்னையில் படித்துத் திரும்பிய வழக்கறிஞர், கொச்சி சட்டசபை உறுப்பினர், காங்கிரஸ்காரர். காந்தியிடமிருந்து எடுத்த சத்தியாகிரகத்தைத் தன் சொந்த ஜெபாலயத்தின் மீதே பிரயோகித்தார். ‘யூதக் காந்தி’ என்ற பெயர் அதனால் வந்தது. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் முழுதாகத் தளர்ந்து முடியும் நேரத்தில் ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. மணிக்கூண்டையும் ஓடுகளையும் பற்றி அரைமணி பேசும் வழிகாட்டியிடம் ‘சாலெம் எங்கே உட்கார்ந்தார்?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அவரை விடாதீர்கள். வழிகாட்டி தேவையா என்று கேட்டீர்களே, அளவுகோல் இதுதான். பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் அருங்காட்சியக ஊழியர்களே போதும். எர்ணாகுளத்தில் கடைக்காரரே போதும். மட்டாஞ்சேரிக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

1968-இல் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால் தலை வெளியிட்டார்கள். அப்போதே கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்களைச் சேர்ப்பதைப் பற்றிய கவலை தொடங்கியிருக்கும். இன்று வெளியூர், வெளிநாட்டு யூதர்கள் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும். தெருவில் இப்போது பழம்பொருள் கடைகளும் காஷ்மீரிகளின் சால்வைக் கடைகளும். சாரா கோஹன் என்ற மூதாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து பூவேலை செய்த துணிகளை விற்றுவந்தார். 2019 ஆகஸ்டில், 96 வயதில் மறைந்தார். அவரைத் தாய் போலப் பார்த்துக்கொண்ட ஒரு முஸ்லிம் நண்பர் கடையைத் தொடர்ந்து நடத்துகிறார். நல்லிணக்கம் என்று சொல்லத்தான் வேண்டுமென்றால் அந்தக் கடை வாசலில் நின்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மகள் இலக்கியம் படிப்பவர் என்றால் இதையும் சொல்லுங்கள். இந்தச் சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் பாட்டு கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாய் மகளுக்கு என்று கைமாற்றி வந்தார்கள். கல்யாணப் பாட்டு, வேதாகமக் கதைப் பாட்டு, ஒவ்வொரு பள்ளியும் கட்டிய வரலாற்றுப் பாட்டு. ஆண்கள் இருக்கும் சபையில் பெண்கள் பாடக் கூடாது என்ற தடை வேறு பல யூத சமூகங்களில் உண்டு. இங்கே பெண்கள் தாராளமாகப் பாடினார்கள். எபிரெய எழுத்து தெரிந்த, மலையாளத்தில் அழுத, கழுத்தில் தாலி கட்டிக்கொண்ட பெண்கள்.

நேரம் மிச்சமிருந்தால் இரண்டு இடம். ஜூ டவுன் சாலையிலேயே தெற்கே நடந்தால் மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளி வரும், 1544-ஐச் சேர்ந்தது. கிட்டங்கியாகக் கிடந்து, 2019 செப்டம்பரில் மழைக்கு முன்பக்கம் சரிந்து விழுந்தது. அதன் உள்ளறை மரவேலைகளை ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் கோத்து வைத்திருக்கிறார்கள். கூரையும் தாமரையும் அங்கே குளிர்சாதன வசதியோடு, சுவர்கள் இங்கே மழையோடு.

இன்னொன்று நஹேமியா மோத்தாவின் சமாதி. 1615-இல் இறந்த எபிரெயக் கவிஞர், மறைஞானி. குடியிருப்புகளுக்கு நடுவே வெள்ளையடித்த ஒரு சிறு கல்லறை. தேடிப் போனால்தான் கிடைக்கும், யாரைக் கேட்டாலும் ‘மூத்தா’ என்றால் கைகாட்டுவார்கள். வேண்டினால் நடக்கும் என்ற நம்பிக்கையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று சுற்றுவட்டாரத்துக்காரர்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அம்மாவுக்கு நாள் முழுக்கப் பார்த்ததில் இதுதான் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். என் அம்மாவுக்கு அப்படித்தான். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வரும் வழியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் காயல் காற்று பலமாக இருக்கும். தீப்பெட்டி ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.